பிரசவ ரத்தப்போக்கு: அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு உயிர் காப்பது எப்படி?

குழந்தை பிறந்தாச்சு என்று வீட்டார் நிம்மதியாகும் நேரத்தில்தான் இந்த ஆபத்து வரும். கருப்பை சரியாகச் சுருங்காவிட்டால் ரத்தப்போக்கு நிற்காது. 500 மில்லியைத் தொட்டாலே உஷாராக வேண்டும். ஆனால் துணியில் ஊறிய ரத்தத்தைக் கண்ணால் பார்த்து எப்படி அளப்பது?

கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் 2 லட்சத்துக்கும் அதிகமான பிரசவங்களில் நடந்த இ-மோட்டிவ் ஆய்வு, 2023-ல் இதற்கு விடை சொன்னது. தாய்க்கு அடியில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. ரத்தம் கோட்டைத் தொட்டதும் கருப்பை மசாஜ், கருப்பையைச் சுருக்கும் மருந்து, ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம், டிரிப்ஸ், பரிசோதனை என எல்லாமே உடனே, ஒரே மூச்சில். புது மருந்துன்னு இதில் எதுவும் இல்லை!

பழைய முறையில் பாதிப்பு கண்டுபிடிக்கப்பட்டது 51 சதவீதம் பேரிடம்தான். விரிப்பு வைத்த மருத்துவமனைகளில் 93 சதவீதம். கடும் ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றில் அறுவை சிகிச்சை, மரணம் என்று போனவர்கள் அங்கே 4.3 சதவீதம், இங்கே 1.6.