சொந்தப் பாட்டுதான்... ஆனா தடுக்க முடியல! 'கன்ஸ் அன்ட் ரோஸஸ்' ஹிட்ஸ் ஆல்பத்தின் கதை

தன்னோட 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' ஆல்பம் வெளிவரக் கூடாதுன்னு ஒரு பேண்டே கோர்ட்டுக்குப் போகுமா? அமெரிக்க ஹார்டு ராக் பேண்ட் 'கன்ஸ் அன்ட் ரோஸஸ்' போனது!

ஏன் இந்த ஆல்பம்?

1990-களில் தொடங்கிய 'சைனீஸ் டெமாக்ரசி' ஆல்பம் முடிந்தபாடில்லை. காத்திருந்து அலுத்துப்போன கெஃபென் நிறுவனம், பழைய பாடல்கள் 14-ஐத் தொகுத்து 2004 மார்ச்சில் வெளியிட முடிவு செய்தது.

எதிர்த்தது யார்?

பாடகர் ஆக்சல் ரோஸ். கூடவே, பேண்டை விட்டு எப்போதோ விலகிய கிடாரிஸ்ட் ஸ்லாஷ், பேஸிஸ்ட் டஃப் மெக்கேகன். முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட இதற்காகக் கைகோத்தார்கள். 'பாடல் தேர்வில் எங்களைக் கேட்கவே இல்லை' என்பது புகார். கோர்ட் தடை விதிக்க மறுத்தது.

அதெப்படி?

பாட்டு எழுதியவரின் உரிமை வேறு. பதிவான ஒலிக்கான 'மாஸ்டர்' உரிமை வேறு. ரெக்கார்டிங்குக்குப் பணம் போடும் நிறுவனம், ஒப்பந்தத்திலேயே மாஸ்டரைத் தன் பெயருக்கு வாங்கிக்கொள்வது இந்தத் துறையில் வழக்கம். பேண்டின் கோபம் நியாயமாக இருக்கலாம். ஒப்பந்தத்தில் கோபத்துக்கு இடமில்லை.

ரிசல்ட்?

14-ல் 5 பாடல்கள் மற்றவர்கள் பாட்டின் 'கவர்' வெர்ஷன்கள். ஆனாலும் பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் 3-ம் இடம். 'பில்போர்டு 200' பட்டியலில் 500 வாரங்களுக்கும் மேல் இருந்தது. 'சைனீஸ் டெமாக்ரசி' வந்ததோ 2008-ல்தான்!

பாட்டோ, வீடியோவோ, டிசைனோ... கையெழுத்துப் போடும் முன் 'உரிமை யாருக்கு?'ன்னு ஒருமுறை படிச்சுப் பாருங்க.