தூணுக்கு அடியில் ஒரு ஜாக்கி

விமான நிலையம் கட்டும் பொறியாளருக்கு, திறப்பு விழா முடிந்த பிறகு என்ன வேலை என்று கேட்டு ஒரு கல்லூரி மாணவர் எழுதியிருக்கிறார். ஓடுபாதை, கட்டுப்பாட்டுக் கோபுரம் இதெல்லாம் அவருக்கே தெரியும். ஜப்பானில் ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்து நிலவறையை மட்டும் காட்டிவிடுகிறேன்.

ஊருக்குள் இருந்த இடாமி விமான நிலையத்தின் இரைச்சல் தாங்காமல் மக்கள் போராடினார்கள். எனவே கரையிலிருந்து 5 கிலோமீட்டர் தள்ளி, 18 மீட்டர் ஆழக் கடலில் மலைகளை வெட்டிக் கொட்டித் தீவு எழுப்பி, 1994 செப்டம்பரில் புதியதைத் திறந்தார்கள். கடலடியில் இருப்பதோ களிமண். எங்கள் வீட்டில் பால் திரிந்தால் துணியில் கட்டி, மேலே குழவியை ஏற்றி வைப்போம். தண்ணீர் வடிய வடியப் பொட்டலம் தட்டையாகிவிடும். தீவின் பாரத்தில் அந்தக் களிமண்ணுக்கு நடப்பதும் அதுதான். மேலடுக்கில் மணல் தூண்களை இறக்கி நீரைச் சீக்கிரம் வடியவிட்டார்கள். அதற்கும் கீழே நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இருக்கும் பழைய களிமண்ணை ஒன்றும் செய்ய முடியவில்லை. தீவு இதுவரை 13 மீட்டருக்கு மேல் அமிழ்ந்திருக்கிறது.

எல்லாப் பக்கமும் சீராக அமிழ்ந்தால் கட்டடத்துக்குத் தொல்லையில்லை. ஒரு மூலை முந்திக்கொண்டால்தான் விரிசல். அதனால் ரென்சோ பியானோ வடிவமைத்த 1.7 கிலோமீட்டர் நீள முனையத்தில், சுமார் 900 தூண்களின் அடியையும் ஜாக்கி வைக்கத் தோதாகவே அமைத்தார்கள். எந்தத் தூண் எவ்வளவு இறங்கியது என்று அளந்துகொண்டே இருக்கிறார்கள். இறங்கிய தூணை ஜாக்கியால் தூக்கி, இடைவெளியில் இரும்புத் தகடு செருகி, மெல்ல இறக்கி வைக்கிறார்கள். மேலே பயணிகள் காபி குடித்துக்கொண்டிருப்பார்கள்.

நாடா வெட்டுவதற்குப் படம் எடுக்க ஆள் வரும், தகடு செருகுவதற்கு வராது. ஆனாலும் அது தேவைப்படும் என்று கட்டும்போதே திட்டமிட்டிருந்தார்களே, அதைத்தான் நான் பெரிய பொறியியல் என்பேன். 2018 புயலில் கடல் உள்ளே புகுந்து ஓடுபாதை மூழ்கியதும், சுற்றுச்சுவரை உயர்த்தினார்கள். அமிழ்வு இப்போது ஆண்டுக்கு 6 சென்டிமீட்டர் அளவில் நிற்கிறது.

ஜாக்கி நமக்கும் புதிதல்ல. எங்கள் தெருவில் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே புதுத் தார் போட்டதில் வீடு பள்ளத்துக்குப் போய், மழைத்தண்ணீர் கூடத்துக்கு வந்தது. கடன் வாங்கி, சுவருக்கு அடியில் வரிசையாக ஜாக்கி கொடுத்து 3 அடி தூக்கினோம். போன மாதம் மறுபடியும் தார் போட்டார்கள். வாசலில் ஒரு படியைக் காணோம்.