சத்ரியா ஜிடிஐக்குச் சாமான் தேடுவோர் கவனத்துக்கு

திகாம் பத்துவிலிருந்து பழைய கூட்டரசுச் சாலையில் தெற்கே போய் மூடா ஆற்றைக் கடந்தால் செபராங் பிறை. இன்னும் கொஞ்சம் இறங்கி புக்கிட் மெர்தாஜாம் பக்கம் போனால், பழைய வண்டிகளை வெட்டி இயந்திரமும் சாமானும் விற்கும் ஹாஃப் கட் கடைகள். புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ வைத்திருக்கும் நம் பையன்களுக்கு இந்தப் பாதை அத்துப்படி.

வண்டி அப்படிப்பட்டது. 1.8 லிட்டர் 4ஜி93பி இயந்திரம் மிட்சுபிஷியின் வடிவமைப்பு. சஸ்பென்ஷனைச் சீர்செய்து கொடுத்தது, 1996-இல் புரோட்டோன் வாங்கிய லோட்டஸ். உற்பத்தி நின்று ஏறக்குறைய இருபது வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் இயந்திரச் சாமானுக்குப் பெரிய பஞ்சமில்லை. வீரா, புத்ரா 1.8-இலும் ஓடியது இதே இயந்திரம்தான். ஜிடிஐக்கென்றே செய்த பம்பர், ரெக்காரோ இருக்கை ஆகியவைதான் அகப்படுவதில்லை. அகப்படாத சாமானில்தான் ஏமாற்றும் அதிகம்.

புரோட்டோன் பெட்டியில் வருவது, அதே தொழிற்சாலை வேறு பெயரில் விற்பது, பழைய வண்டியிலிருந்து கழற்றியது, பெட்டியை மட்டும் அச்சடித்துப் போலியை உள்ளே வைத்தது, இந்த நாலையுமே ‘ஒரிஜினல்’ என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே ஒரிஜினலா என்று கேட்டுப் பயனில்லை. பார்ட் நம்பரைக் கேளுங்கள். புரோட்டோன் எண்கள் பல பி.டபிள்யூ. என்றும், மிட்சுபிஷியின் இயந்திரச் சாமான் எண்கள் பல எம்.டி. என்றும் தொடங்கும். வண்டியிலிருந்து கழற்றிய சாமானின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, பொறித்திருக்கும் எண்ணைப் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

‘பிரேக் பேட் 1 செட்’ என்று மட்டும் எழுதிய ரசீது சண்டைக்கு உதவாது. பிராண்டு, எண், புதியதா பழையதா, வாரண்டி எத்தனை நாள் என்பதெல்லாம் அதில் ஏற வேண்டும். தவுக்கே முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும்.

1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இங்கேதான் கைகொடுக்கிறது. 32-ஆம் பிரிவு ஏற்கத்தக்க தரம் வேண்டும் என்கிறது. 34-ஆம் பிரிவு, சொல்லி விற்றதும் கொடுத்ததும் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறது. பழைய சாமானுக்கும் இது பொருந்தும். ஆனால் விலையையும் வயதையும் கணக்கில் வைத்தே தரத்தை அளப்பார்கள். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற பலகையைப் பார்த்து மனம் தளர வேண்டாம். பலகை மாட்டி இந்த உத்தரவாதங்களிலிருந்து கடைக்காரர் தப்ப முடியாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: விற்கும் முன்பே ‘இந்த கியர் பாக்ஸில் மூன்றாவது கியர் சத்தம் போடும்’ என்று அவர் சொல்லியிருந்தால், அந்தக் குறைக்காகத் தரம் போதவில்லை என்று பிறகு வாதாட முடியாது. குறை தெரிந்ததும் தாமதிக்காமல் எழுத்தில் சொல்லுங்கள். நாள் கடந்தால் சாமானைத் திருப்பித் தரும் உரிமை போய்விடலாம்.

தயாரிப்பாளர் நியாயமான காலம்வரை உதிரிப்பாகம் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று 37-ஆம் பிரிவும் ஒன்று இருக்கிறது. இருபது வருடம் கழித்து அதைக் காட்டி பம்பர் கேட்டால் நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் பெரிதாகக் கருதும் சிக்கல் வொர்க்‌ஷாப்பில் இருக்கிறது. சாமானை நாமே வாங்கிப் போய் போர்மேனிடம் கொடுத்து மாட்டச் சொல்கிறோம், கொஞ்சம் மிச்சமாகும் என்று. டைமிங் பெல்ட் சில மாதத்தில் அறுகிறது. இந்த இயந்திரத்தில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை இடிக்கும், வால்வு வளையும், ஹெட்டையே கழற்ற வேண்டும். போர்மேன், ‘சாமான் மட்டம்’ என்பார். கடைக்காரர், ‘மாட்டியவனுக்குத் தெரியவில்லை’ என்பார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்! சட்டப்படி சாமானுக்குக் கடைக்காரரும், கைவேலைக்குப் போர்மேனும் தனித்தனியே பொறுப்பு. ஒரே இடத்தில் சாமானும் வாங்கி மாட்டவும் சொன்னால் இந்தப் பந்தாட்டம் இல்லை. பெல்ட், வாட்டர் பம்ப், பிரேக் மூன்றுக்காவது அப்படிச் செய்வது நல்லது. கழற்றிய பழைய சாமானையும், அறுந்த பெல்ட்டையும் கேட்டு வாங்கி வையுங்கள். பழுதான சாமானுக்கு மட்டுமல்ல, அதனால் வந்த, எதிர்பார்க்கத்தக்க இழப்புக்கும் ஈடு கேட்கலாம்.

முகநூலில் அரிய பம்பர் படத்தைப் போட்டு முன்பணம் கேட்பவர் விஷயம் வேறு. அவர் வியாபாரி இல்லை, தன் வண்டிச் சாமானை விற்கும் தனியாள் என்றால் மேலே சொன்ன சட்டம் அவரைத் தொடாது. பணம் போடும் முன் வங்கிக் கணக்கு எண்ணைப் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பாருங்கள். ஏமாந்தது தெரிந்த உடனே மோசடிப் புகார் எண்ணான 997-ஐ அழையுங்கள். போலீஸ் புகாரும் கொடுங்கள். பணத்தைப் பிடித்து நிறுத்த முடிந்தால் அது முதல் சில மணி நேரத்தில்தான்.

ஹாஃப் கட் இயந்திரம் மாற்றுவோர் காகிதத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இயந்திர எண் சுரண்டியிருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் திரும்பி வந்துவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணமிருந்தோ வாங்கினால் தண்டனைச் சட்டம் 411-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டுவரை சிறை உண்டு. மாற்றிய இயந்திரம் புஸ்பாகோம் சோதனை முடிந்து ஜேபிஜே பதிவில் ஏற வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாமல் ஓட்டினால், விபத்தன்று இழப்பீடு மறுக்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.

கடைக்காரரோடு பேசியும் தீரவில்லையா? பயனீட்டாளர் தீர்ப்பாயம், அதாவது திரிபுனல், 50,000 வெள்ளிவரை விசாரிக்கும். முதலாம் பாரத்தை நிரப்பி 5 வெள்ளி கட்டணத்தோடு பதிய வேண்டும், இணையத்திலும் பதியலாம். பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் வாதாட முடியாது என்பதால் கடைக்காரரும் நம்மைப் போலவே தானே பேச வேண்டும். மனு எழுதத் தயங்குவோர் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். தீர்ப்பு வந்து 14 நாளில் பணம் கொடுக்காவிட்டால் அது குற்றம். 15-ஆம் நாள் காலையில் உள்நாட்டு வாணிப அமைச்சின் 1-800-886-800 எண்ணை அழையுங்கள்.