வேலைக்குப் போனால் பென்ஷன் போகுமா?

எல்லைச் சீமை – 17

ஒன்றாம் தேதி காலையில் கிராம சச்சிவாலய ஊழியர் தெருவுக்குள் வந்துவிடுவார். கையில் செல்போன், அதோடு கைரேகைக் கருவி, தோளில் பணப்பை. ‘வேலு பெட்டண்டி’ என்பார், விரலை வைக்கச் சொல்லி. விரலை வைத்ததும் கருவி ஒருமுறை மின்னும்; பன்னிரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எண்ணிக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்வார். தறி வேலை செய்து விரல் ரேகை தேய்ந்துபோன சிலருக்கு மட்டும் இரண்டு மூன்று தடவை துடைத்துத் துடைத்து வைக்க வேண்டியிருக்கும்.

ஆந்திரத்தில் மாற்றுத்திறனாளிக்கு மாதம் 6,000 ரூபாய் பென்ஷன். 2024 ஜூலை 1 முதல் இந்தத் தொகை. அதற்கு முன் 3,000. படுத்த படுக்கையாகவோ சக்கர நாற்காலியோடோ முடங்கியவர்களுக்கு 15,000. பக்கத்திலேயே, எல்லைக்கு அந்தப்புறம் திருத்தணியில் இருக்கும் தமிழ்நாட்டுக்காரருக்கு 2023இல் 1,000 ரூபாய் 1,500 ஆனதே பெரிய செய்தி. அதனால்தான் நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்தில் பெண் கொடுத்து எடுத்தவர்கள் பேச்சோடு பேச்சாக ‘உங்க பக்கம் ஆறாயிரமாமே?’ என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

அந்தப் பேச்சுக்குப் பின்னாலேயே இன்னொரு கேள்வியும் வரும். ‘அண்ணா, எம் பொண்ணுக்கு ஸ்ரீசிட்டியில ஒரு கம்பெனியில வேலை இருக்குதாம். போனா பென்ஷன் நின்னுடுமா?’

நேரடியான பதில்: வேலைக்குப் போவதால் மட்டும் நிற்காது. ஊனமுற்றவர் வேலை செய்யக் கூடாது என்று விதியில் எங்கும் இல்லை. பென்ஷனுக்குத் தேவையான 40 சதவீதம் ஊனம் என்ற சான்றிதழ் உடலைப் பற்றிய கணக்கு. உழைக்க முடியுமா முடியாதா என்பதைப் பற்றியது அல்ல. கால் இழந்தவருக்கு எத்தனை சதவீதம் என்பதை, கால் எந்த இடத்தில் எடுக்கப்பட்டது என்பதைக் கொண்டு டாக்டர்கள் போடுகிறார்கள். அவர் திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் பர்டு மருத்துவமனைக்குப் போய்ச் செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு நடந்தாலும், எட்டு மணி நேரம் நின்று வேலை செய்தாலும், போன கால் போனதுதான். ‘நடக்கிறாயே, வேலை செய்கிறாயே, உனக்கு எதற்குப் பென்ஷன்?’ என்று தெருவில் யாராவது கேட்டால் அது பொறாமைப் பேச்சு. சட்டம் அப்படிக் கேட்பதில்லை.

சட்டம் கேட்பது வேறொன்றை. உங்கள் குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு வருகிறது?

கிராமத்தில் 10,000 ரூபாய், நகரத்தில் 12,000 ரூபாய். இதற்கு மேல் குடும்ப வருமானம் இருந்தால் பென்ஷன் இல்லை. நஞ்சை மூன்று ஏக்கருக்கு மேல், புஞ்சை பத்து ஏக்கருக்கு மேல் இருந்தாலும் இல்லை. டாக்சி, ஆட்டோ, டிராக்டர் தவிர வேறு நாலு சக்கர வண்டி இருந்தால் இல்லை. வீட்டில் ஒருவர் அரசு ஊழியராகவோ, வருமான வரி கட்டுபவராகவோ இருந்தால் இல்லை. கரண்ட் மாதம் 300 யூனிட்டைத் தாண்டினால் இல்லை. நகரத்தில் ஆயிரம் சதுர அடிக்கு மேல் வீடு இருந்தாலும் இல்லை. முந்தைய ஆட்சியில் போட்ட விதிகள் இவை. கட்சி மாறி, திட்டத்தின் பெயரும் மாறிவிட்டது, இப்போது என்.டி.ஆர். பரோசா. விதிகள் அப்படியேதான் இருக்கின்றன.

முதியோர் பென்ஷனுக்கு இந்தச் சல்லடை பொருந்தலாம். ஊனத்துக்கு வைத்துப் பாருங்கள். முதுகுத்தண்டு அடிபட்டவருக்குப் புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை ராத்திரி முழுக்க ஓட வேண்டும். பேட்டரி நாற்காலிக்குத் தினமும் சார்ஜ் போட வேண்டும். கரண்ட் மீட்டர் இதையெல்லாம் வசதி என்று எழுதிக்கொள்கிறது. பஸ் படிக்கட்டு ஏற முடியாத மகனை திருப்பதி ரூயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதற்காக அப்பா ஒரு பழைய மாருதி வாங்கினால் அதுவும் வசதிதான். ஊனம் இருப்பதால் வரும் செலவையே ஊனம் பெரிதில்லை என்பதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளும் விதி இது.

வருமானத்துக்கு வருவோம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிராமத்தில் ஒரு வீடு. அம்மா, மகன், போலியோவில் கால் பாதிக்கப்பட்ட மகள். மகன் ஆட்டோ ஓட்டி மாதம் 8,000 கொண்டுவருகிறான் என்று பதிவு. மகளுக்கு 6,000 பென்ஷன். அவள் தையல் கடையில் சேர்ந்து 3,000 சம்பாதிக்கத் தொடங்கினால் வீட்டு வருமானம் 11,000. கோட்டைத் தாண்டியாயிற்று. 3,000 உள்ளே வந்ததும் 6,000 வெளியே போகிறது. அவள் உழைத்ததற்காக அந்த வீடு மாதம் 3,000 ரூபாய் அபராதம் கட்டுகிறது. ‘இவங்களுக்குச் சோம்பேறித்தனம்’ என்பவர்கள் இந்தக் கூட்டல் கழித்தலை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

அவள் சம்பாதிக்காமலே இருந்தாலும், தம்பி தினமும் கூடுதலாக இரண்டு சவாரி ஓட்டினாலே விதிப்படி பென்ஷன் போய்விடும் என்பது இதில் இன்னொரு கூத்து. ஊனம் அவளுடையது, வருமானம் தம்பியுடையது. அவனுக்குக் கல்யாணமாகித் தனிக் குடும்பம் ஆகும்வரை, சச்சிவாலயக் கம்ப்யூட்டரில் இருவரும் ஒரே வீட்டுக் கட்டத்துக்குள் இருப்பார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட வேண்டும். 10,000 ரூபாய் என்பது மாதம் இருபத்தைந்து நாள் வேலைக்கு நாளொன்றுக்கு 400 ரூபாய். சித்தூர் பக்கம் கொத்தனார் வேலை செய்யும் ஓர் ஆள் இருந்தால் போதும், வீட்டு வருமானம் இதைத் தாண்டிவிடும். மாம்பழக்கூழ் ஆலைகள் ஓடும் சீசனில் மூட்டை தூக்குபவரும் தாண்டிவிடுவார். ஆக, விதியை எழுத்துக்கு எழுத்து பார்த்தால் பென்ஷன் வாங்கும் வீடுகளில் பல தகுதி இழக்கும். ஏன் இழக்கவில்லை? கூலிப் பணம் கையிலிருந்து கைக்குப் போகிறது. அதற்குச் சீட்டு இல்லை. கம்ப்யூட்டருக்குத் தெரியும் வருமானம் ஒன்றுதான்: வங்கியில் ஏறும் மாதச் சம்பளம்.

இதன் விளைவைத் தொழிற்சாலைப் பக்கம் பார்க்கலாம். சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தொழில்நகரம் ஸ்ரீசிட்டி. அங்கே சாக்லேட்டிலிருந்து செல்போன் வரை செய்கிறார்கள். உட்கார்ந்து செய்யும் வேலை நிறைய. காது கேளாதவருக்கும் கால் ஊனமுற்றவருக்கும் ஏற்றது. பி.எஃப். உண்டு, இ.எஸ்.ஐ. உண்டு. ஆனால் சம்பளச் சீட்டு கைக்கு வந்த அன்றே பென்ஷனுக்கு ஆபத்து. அதே பெண் ஏதாவது ஒரு கடையில் ‘பி.எஃப். எல்லாம் வேணாம் சார், கையில குடுத்துடுங்க’ என்று பாதிச் சம்பளத்துக்கு உட்கார்ந்தால் ஆபத்தில்லை. முதலாளிக்கும் லாபம். ஊனமுற்றவரை நல்ல வேலையிலிருந்து பிடித்து இழுத்து, சீட்டில்லாத வேலையில் உட்கார வைக்கிற விதியாக இது ஆகிவிட்டது. வறுமைக் கோடு என்று போட்டது, கடைசியில் சம்பளச் சீட்டுக் கோடாக நிற்கிறது.

அரசுக்கு இது தெரியாதா? தெரியும். அதே மாநில அரசு, கால் ஊனமுற்றவர்களுக்கு மூன்று சக்கர மோட்டார் வண்டி கொடுக்கிறது, தொகுதிக்குப் பத்து என்று. அதற்குக் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 3 லட்சம். படிக்கிறவருக்கும் வேலை செய்கிறவருக்கும்தான் அந்த வண்டி. வண்டி கொடுக்கும்போது ‘நீ வேலைக்குப் போக வேண்டும்’ என்கிறார்கள். பென்ஷன் கொடுக்கும்போது ‘உன் வீட்டில் ஆண்டுக்கு 1,20,000க்கு மேல் வரக் கூடாது’ என்கிறார்கள். இரண்டும் ஒரே ஆளுக்குத்தான்.

வேறு இடங்களிலும் இந்தச் சிக்கல் உண்டு, தீர்க்கப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஏழை ஊனமுற்றவர்களுக்கான எஸ்.எஸ்.ஐ. உதவியில், மாதச் சம்பளத்தில் முதல் 65 டாலரைக் கணக்கில் எடுப்பதில்லை. அதற்குமேல் வரும் ஒவ்வொரு இரண்டு டாலருக்கும் ஒரு டாலர்தான் உதவியிலிருந்து குறையும். எவ்வளவு சம்பாதித்தாலும் கையில் கொஞ்சம் மிஞ்சும். 1999இல் வந்த ஒரு சட்டம் இன்னொன்றும் செய்தது: சம்பளத்தால் உதவி நின்றுபோனவர் ஐந்து ஆண்டுக்குள் மறுபடியும் முடியாமல் போனால், முதலிலிருந்து விண்ணப்பிக்காமல் திரும்ப வரலாம். அங்கேயும் எல்லாம் ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம். அந்த உதவி வாங்குபவர் கையில் 2,000 டாலருக்கு மேல் சேமிப்பு இருக்கக் கூடாது என்ற வரம்பு 1989இலிருந்து நகரவில்லை. பிரிட்டன் இன்னும் எளிதாக யோசித்தது. 2013இல் அங்கே கொண்டுவந்த ‘பிப்’ உதவித்தொகைக்கு வருமானமே பார்ப்பதில்லை. ஊனத்தால் ஆகும் கூடுதல் செலவுக்கான பணம் அது. வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் செலவு உண்டு என்பது அவர்கள் வாதம்.

நம் சட்டத்திலும் அந்த எண்ணத்தின் விதை இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 24ஆம் பிரிவு: மற்றவர்களுக்குக் கொடுக்கும் உதவியைவிட மாற்றுத்திறனாளிக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். ஏன் கூடுதல்? ஒரே சோறு தின்றாலும் அவருக்குச் செலவு அதிகம் என்பதால். ஆந்திரத்தில் முதியோருக்கு 4,000, ஊனமுற்றோருக்கு 6,000. சட்டம் கேட்டதைவிட அதிகமாகவே கொடுக்கிறார்கள், பாராட்டலாம். தொகையில் இந்த நியாயத்தை ஏற்றவர்கள் தகுதியில் ஏற்கவில்லை என்பதுதான் குறை. ஊனமுற்றவர் பென்ஷனுக்குத் தம்பி, அண்ணன் வருமானத்தைப் பார்ப்பதை நிறுத்த வேண்டும். அவருடைய சொந்தச் சம்பளத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், ஒரே வெட்டாக வெட்டாமல் படிப்படியாகக் குறைக்கலாம். வேலை போனால் அடுத்த ஒன்றாம் தேதியே பென்ஷன் திரும்ப வர வேண்டும். இதில் மூன்றாவதுதான் அவசரம். ‘போனது திரும்ப வராது’ என்ற பயம்தான் ஆட்களை வீட்டோடு கட்டிப்போடுகிறது.

அந்தப் பயம் 2025இல் இன்னும் ஏறியது. போலிச் சான்றிதழ்களைக் களையெடுக்கிறோம் என்று மாநிலம் முழுவதும் மறுபரிசோதனை நடந்தது. ஆகஸ்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நோட்டீஸ் போனது. போலிகள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் பிறவியிலேயே கை வராதவரும் அந்தப் பட்டியலில் இருந்தார் என்று ஊருக்கு ஊர் கூச்சல் எழ, மேல்முறையீடு செய்தவர்களுக்குப் பென்ஷன் தொடரும் என்று அரசு இறங்கி வந்தது. அந்த மாதங்களில் வேலைக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த பலர் யோசனையையே விட்டுவிட்டார்கள்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு வேலைக்குப் போக நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். பென்ஷன் போனால் எல்லாமே போய்விடும் என்பது தப்பு. யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் ரயில், பஸ் சலுகைக்கும் வருமானம் தடையில்லை. அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டுக்கும் தடையில்லை. மற்றவர்களுக்கு இ.எஸ்.ஐ. சம்பள வரம்பு 21,000, ஊனமுற்றவருக்கு 25,000. வேலை செய்யும்போது நேர்ந்த விபத்தில் நிரந்தர ஊனம் வந்தால் இ.எஸ்.ஐ. கொடுக்கும் மாதத் தொகை, நீங்கள் மறுபடி வேலைக்குப் போனாலும் வாழ்நாள் முழுக்க வரும். அதைப் பலர் நின்றுவிடும் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள், தேவையில்லை. வருமான வரி வரும் அளவுக்குச் சம்பளம் உயர்ந்தால், பழைய வரி முறையில் ஊனத்துக்காக 75,000 ரூபாய் கழிவு உண்டு. 80 சதவீத ஊனத்துக்கு 1,25,000.

சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போகிறவர்கள் முன்பெல்லாம் ஒன்றாம் தேதி ஊரில் இல்லாவிட்டால் அந்த மாதப் பணத்தை இழந்தார்கள். 2024 கடைசியிலிருந்து, இரண்டு மாதம் வராவிட்டாலும் மூன்றாம் மாதம் சேர்த்து வாங்கலாம். மூன்றாம் மாதமும் வராவிட்டால் ஊரை விட்டே போனவராக எழுதிவிடுவார்கள். ஆகவே காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையில் சேருமுன் சச்சிவாலயத்தில் உங்கள் வீட்டுக் கட்டத்தில் யார் யார் பெயர் இருக்கிறது, என்ன வருமானம் பதிவாகியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். தனியாக வாழும் அண்ணன் பெயர் இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தால் இப்போதே பிரிக்கச் சொல்லுங்கள். பென்ஷன் நின்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்ச் சொல்லை நம்பித் திரும்ப வேண்டாம். சித்தூர், திருப்பதி இரண்டு கலெக்டர் அலுவலகங்களிலும் திங்கட்கிழமை தோறும் குறைதீர் நாள் நடக்கிறது. மனுவைத் தெலுங்கில் எழுதி, சான்றிதழ் நகலை இணைத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொண்டு வாருங்கள்.

(தொடரும்)