வாய் திறந்து பேசும் வகுப்பு



பிள்ளை எஸ்.டி.பி.எம். தேறிவிட்டால் நம் தோட்டத்து வீடுகளில் ஒரு பட்டியல் தயாராக இருக்கும். டாக்டர், வக்கீல், இன்ஜினியர். அதுவும் இல்லையென்றால் கணக்காய்வு. அந்த நேரத்தில் பிள்ளை தயங்கித் தயங்கி, "எனக்கு அரசியல் விஞ்ஞானம் கிடைத்திருக்கிறது" என்று சொன்னால் வீட்டில் முகங்கள் மாறிவிடும். "அரசியலா? நமக்கு எதற்கு அந்த வம்பு?" என்பார் அப்பா. "அதைப் படித்து எந்த ஆபீசில் போய் உட்காருவாய்?" என்பார் அம்மா. இரண்டும் நியாயமான கேள்விகள்தாம். பதில் சொல்வதற்கு முன், அந்தப் பாடத்தை எப்படிப் படிக்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

நீங்களும் நானும் படித்த வகுப்பு நமக்குத் தெரியும். வாத்தியார் கரும்பலகையில் எழுதுவார். நாம் பார்த்து எழுதுவோம். கேட்டால் எழுந்து நின்று சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். பல்கலைக்கழகத்திலும் பெரிய மண்டபத்தில் நூற்றுக்கணக்கான பேரை உட்கார வைத்து விரிவுரை நடத்துவது உண்டு. ஆனால் அதற்கு மேல் இன்னொரு வகுப்பு இருக்கிறது. தமிழில் கருத்தரங்கு என்போம். பிள்ளைகள் செமினார் என்பார்கள். பதினைந்து, இருபது பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். படிக்க வேண்டிய கட்டுரைகளை முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். ஒருவர் தாம் எழுதியதை வாசிப்பார். மற்றவர்கள், "இதற்கு என்ன ஆதாரம்? இதனால் யாருக்கு இலாபம்? யாருக்கு நஷ்டம்?" என்று குடைவார்கள். விரிவுரையாளர் அதிகம் பேசமாட்டார். பேசுகிற பிள்ளைக்கு அதற்கென்றே மதிப்பெண் உண்டு. பேசாத பிள்ளைக்கு அது போய்விடும்.

அங்கே எதைப் பற்றிப் பேசுகிறார்கள்? கட்சிச் சண்டையைப் பற்றி மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். பொதுக்கொள்கை என்றால் அரசாங்கம் எதைச் செய்கிறது, எதைச் செய்யாமல் விடுகிறது என்பதுதான். அரிசி விலை, பள்ளி பஸ், குழாய்த் தண்ணீர், குடியிருக்கும் வீடு எல்லாம் அதில் அடக்கம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். உங்களில் பலர் சிங்கப்பூருக்குப் போயிருப்பீர்கள். தேக்காவில் சேலை எடுத்துவிட்டு, சவுத் பிரிட்ஜ் ரோட்டு மாரியம்மன் கோயிலுக்கும் போய்க் கும்பிட்டிருப்பீர்கள். அந்தக் கோயில் இருக்கும் இடம் சைனாடவுன். 1819-இல் ராஃபிள்ஸ் காலத்தில் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827-இல் எழுப்பிய கோயில் அது. அதன் கோபுரத்தை வைத்துத்தான் பக்கத்துத் தெருவுக்கு பகோடா ஸ்திரீட் என்று பெயர். நாம் அம்மனைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அரசியல் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை அந்தத் தெருவிலேயே நின்று, "இங்கே முன்பு யார் குடியிருந்தார்கள்? எங்கே போனார்கள்? போகச் சொன்னது யார்?" என்று கேட்கும்.

அந்தக் கேள்விகளுக்குப் பதில் இருக்கிறது. பகோடா ஸ்திரீட்டில் ஒரு காலத்தில் சீனாவிலிருந்து வந்த கூலிகளைத் தங்கவைக்கும் வீடுகள் இருந்தன. நம் முன்னோர் கப்பலேறி வந்த கதைக்கு அண்ணன் தம்பி கதை அது. பிறகு கூட்டம் பெருகிற்று. 1953-54-இல் சமூக நலத் துறையில் இருந்த கோ கெங் சுவீ, நகரத்துக் குடும்பங்களின் வருமானத்தையும் வீட்டு வசதியையும் பற்றி ஆய்வு நடத்தி 1956-இல் அறிக்கை வெளியிட்டார். சைனாடவுனில் அப்பர் நான்கிங் ஸ்திரீட் என்ற ஒரே தெருவை எடுத்துக்கொண்டு, அங்கிருந்த குடும்பங்களை ஆராய்ந்து பாரிங்டன் கேய் என்பவர் எழுதிய நூல் 1960-இல் வந்தது. கடைவீட்டின் மாடியைப் பலகையால் தடுத்துத் தடுத்து அறைகளாக்கியிருந்தார்கள். பல அறைகளுக்குச் சன்னலே கிடையாது. ஓர் அறையில் ஒரு குடும்பம். சமையலுக்கும் குளியலுக்கும் எல்லோருக்கும் பொதுவான இடம். லயத்தில் வளர்ந்த நமக்கு இதைப் படிக்கப் படிக்கப் பழக்கமான வாடை அடிக்கும்.

இங்கேதான் செமினார் சூடு பிடிக்கும். வீடுகள் ஏன் அப்படிச் சீரழிந்தன? வீட்டுக்காரர்களின் பேராசை என்று ஒருவர் சொல்வார். உடனே இன்னொருவர், "1947-இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். ஏழைகளைக் காப்பாற்ற வாடகையைப் பிடித்து நிறுத்தினார்கள். வாடகை ஏறாதபோது வீட்டுக்காரர் எதற்கு ஓடு மாற்றுவார்?" என்று மடக்குவார். அந்தச் சட்டத்தை 2001-இல்தான் எடுத்தார்கள். நல்லெண்ணத்தோடு போட்ட சட்டத்துக்கும் ஒரு பக்க விளைவு உண்டு என்று அந்தப் பிள்ளைகள் அங்கே விளங்கிக்கொள்கிறார்கள். சட்டம் இல்லாமலிருந்தால் அந்த ஏழைகள் எங்கே போயிருப்பார்கள் என்று மூன்றாவது ஆள் கேட்கும்போது, முதலில் பேசியவரும் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும்.

1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் வந்தது. அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. மக்கள் இடம் மாறினார்கள். தெருவோரம் கடை போட்டிருந்தவர்களை 1983-இல் சைனாடவுன் காம்பிளெக்ஸ் கட்டடத்துக்குள் கொண்டுபோனார்கள். 1989-இல் பழைய கடைவீடுகளை இடிக்கக்கூடாது என்று பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார்கள். ஆட்கள் போன பிறகு சுவருக்குப் பாதுகாப்பு என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் சன்னலில்லாத அறையில் பிள்ளை பெற்ற தாயிடம் போய் அந்தப் பழைய அழகைப் பற்றிப் பேச முடியுமா என்றும் தோன்றும்.

அதே 1989-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இன்னொரு கொள்கை வந்தது. இது நம்மவர்களைத் தொடுவது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஒவ்வோர் அடுக்குமாடியிலும் எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு வரை இருக்கலாம் என்று உச்சவரம்பு கட்டினார்கள். ஒரு புளோக்கில் சீனர் 87, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவரும் 13 விழுக்காடு. கடைசி எண்ணை 2010-இல் 15 ஆக்கினார்கள். ஓர் இனத்தார் ஒரே இடத்தில் குவிந்து தனித்தனிச் சேரிகளாகிவிடக் கூடாது என்பது நோக்கம். 1964-இல் இனக்கலவரம் பார்த்த ஊர் அது. நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஒரு தமிழ்க் குடும்பம் வீட்டை விற்க வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் புளோக்கில் சீனருக்கான வரம்பு நிரம்பிவிட்டது. அப்போது சீனருக்கு விற்க முடியாது. வாங்கக்கூடிய ஆட்கள் குறைந்தால் விலையும் குறையும். வீடும் மாதக்கணக்கில் விலைபோகாமல் கிடக்கும். எல்லோரும் ஒற்றுமையாக வாழ்வதற்கான செலவைச் சிறுபான்மைக் குடும்பம் மட்டும் தன் பையிலிருந்து கொடுப்பதா? 2021-இல் நாடாளுமன்றத்திலும் இந்தக் கேள்வி எழுந்தது. அந்த ஆண்டு இறுதியில், அப்படி மாட்டிக்கொண்டவர்களின் வீட்டைக் கழகமே திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு வழி செய்தார்கள். அது போதுமா, கொள்கையையே எடுத்துவிட வேண்டுமா? ஒரு செமினாரில் இதைப் போட்டால் இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. இதற்கு விடைத்தாளின் பின்பக்கத்தில் பதில் அச்சடித்திருக்காது.

இனி அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். "வம்பு" என்று அவர் பயப்படுவது வீண் பயமல்ல. சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1953-இல் மாணவர்கள் சோசலிசச் சங்கம் அமைத்து, ஃபஜார் என்று ஒரு பத்திரிகை நடத்தினார்கள். 1954 மே மாதம் அதில் வந்த தலையங்கத்துக்காக எட்டு மாணவர்கள்மீது பிரிட்டிஷ் அரசு நிந்தனை வழக்குப் போட்டது. பின்னாளில் கவிஞராகப் பெயர் பெற்ற எட்வின் தம்புவும், ஜேம்ஸ் புதுச்சேரியும் அந்த எட்டுப் பேரில் இருந்தார்கள். டி.என். பிரிட் என்ற பிரிட்டிஷ் வக்கீலும், அவருக்குத் துணையாக லீ குவான் இயூவும் வாதாடினார்கள். ஆகஸ்ட் மாதம் எட்டுப் பேரும் விடுதலையானார்கள். ஜேம்ஸ் புதுச்சேரி பிறகு சாங்கி சிறையில் அடைபட்டிருந்தபோது, மலாயாவின் பொருளாதாரம் யார் கையில் இருக்கிறது என்று ஒரு புத்தகம் எழுதினார். 1960-இல் அச்சாயிற்று. ரப்பர் தோட்டங்களின் சொந்தக்காரர்கள் யார் யார் என்பதும் அதில் வருகிறது. பால்மரம் வெட்டிய நம் தாத்தாக்களுக்கு அது யாரும் சொல்லாத சங்கதி.

நம் நாட்டிலும் பாருங்கள். 2010 ஏப்ரலில் உலு சிலாங்கூர் இடைத்தேர்தல் நடந்த இடத்தில் இருந்தார்கள் என்பதற்காக, தேசியப் பல்கலைக்கழகத்தின் அரசியல் விஞ்ஞான மாணவர்கள் நால்வர்மீது 1971-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டப்படி நடவடிக்கை எடுத்தார்கள். தேர்தலைப் பற்றிப் படிக்கலாம், போய்ப் பார்க்கக் கூடாதாம்! நால்வரும் நீதிமன்றம் போனார்கள். 2011 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தச் சட்டப் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. 2012-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். மாணவர்கள் கட்சியில் சேரலாம் என்றாயிற்று. ஆகவே அப்பா பயந்த காலம் ஒன்று இருந்தது. அது அப்படியே இன்றும் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

எனக்கு வேறொரு பயம்தான் அதிகம். என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த பெண் ஒருத்தி பல்கலைக்கழகம் போய் முதல் விடுமுறைக்கு வந்தாள். "மூன்று மாசமா வாயே திறக்கல சார். எல்லாரும் பேசுறாங்க. எனக்கு எழுந்து நின்னு பழக்கம், உட்கார்ந்துக்கிட்டுப் பேசப் பழக்கமில்லை" என்றாள். மதிப்பெண் குறைந்திருந்தது. பாடத்தில் அவள் மட்டமல்ல. அடுத்த தவணையில் தொழிலாளர் குடியிருப்பைப் பற்றி விவாதம் வந்ததாம். தோட்டத்து வீடுகளுக்கான 1990-ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச வசதிச் சட்டத்தைப் பற்றி ஒரு மாணவர் வாசித்தார். சட்டத்தில் தண்ணீரும் இருக்கிறது, கூரையும் இருக்கிறது என்றாராம். அவள் முதல்முறையாகக் குறுக்கிட்டு, குழாய் இருப்பது வேறு, அதில் தண்ணீர் வருவது வேறு என்று ஆரம்பித்து, தோட்டம் கைமாறும்போது லயத்தில் இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பது வரை பேசியிருக்கிறாள். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் அதை அறிந்தவள் அவள் ஒருத்திதான். விரிவுரையாளர் அதையே கட்டுரையாக எழுதச் சொன்னார். அவளுடைய அப்பா பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்த பழைய சம்பளச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள்.

அம்மாவின் கேள்விக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசு நிர்வாகத் துறை, நகராண்மைக் கழகம், தொழிற்சங்கம், பத்திரிகை, ஆசிரியத் தொழில் எல்லாவற்றுக்கும் இந்தப் படிப்பு உதவும். டாக்டர் வேலைபோல் பெயர்ப்பலகை மாட்ட முடியாது; அது உண்மை. சிறுவயதில் நம் ஜொகூர் மூவாரில் வளர்ந்த எஸ்.ஆர். நாதன், வேலை பார்த்துவிட்டுத் தம் இருபத்தெட்டாம் வயதில்தான் பல்கலைக்கழகம் போனார். 1954-இல் சமூகவியல் டிப்ளோமா பெற்று, மருத்துவமனையில் சமூக ஊழியராகத் தொடங்கி, கப்பல் தொழிலாளர் நலன், தொழிற்சங்க ஆய்வுப் பிரிவு என்று போய், 1999 முதல் 2011 வரை சிங்கப்பூரின் அதிபராக இருந்தார். எல்லாப் பிள்ளையும் அதிபராகும் என்று சொல்ல நான் வரவில்லை. படிப்பு எங்கெங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்குச் சொன்னேன்.

எஸ்.டி.பி.எம். படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இன்றே ஒன்று செய்யலாம். பெங்காஜியான் அம் பாடப் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லுங்கள். அதில் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லி, இராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் "இது நம் தோட்டத்தில் எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். பிள்ளை உங்கள் பேச்சை மறுத்துப் பேசினால் அதட்டாமல், "ஏன் அப்படிச் சொல்கிறாய்?" என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள். முதல் வாரம் இரண்டு பேருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும்.