உலக முடிவுக்குப் போக ஒஹியவில் இறங்கவும்

கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைக்குப் போகும் ரயிலில் சுற்றுலாக்காரர்கள் பெரும்பாலும் எல்ல வரைக்கும் சீட்டெடுக்கிறார்கள். வாசற்படியில் தொங்கிப் படம் பிடிப்பதற்கு அந்தப் பாதை பேர்போனது. அதற்கு முன்பே, ஒஹிய என்ற சின்ன நிலையத்தில் சிலர் முதுகுப்பையோடு இறங்குவார்கள். அவர்கள் ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்காவுக்கு நடந்தே ஏறப் போகிறவர்கள்.

பூங்காவுக்குப் போகச் சுலபமான வழி வேறு. நுவரெலியாவில் விடியுமுன் வேனோ ஜீப்போ பிடித்தால் வாசல் திறக்கும்போது போய் நிற்கலாம். ஆனால் ரயிலில் வந்தால்தான் அந்த மலையின் அமைப்பே பிடிபடுகிறது. நானுஓயாவுக்கு 1885இல் வந்த இந்த இருப்புப்பாதை பதுளையைத் தொட 1924 ஆயிற்று. வழியெங்கும் தேயிலை, தென்னிந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் லயங்கள். நாட்டின் மிக உயரமான ரயில் நிலையமான பட்டிப்பொல ஏறக்குறைய 1,890 மீட்டரில் இருக்கிறது. அதைத் தாண்டினால் ஒரு சுரங்கம். இந்தப் பக்கம் மத்திய மாகாணம், அந்தப் பக்கம் ஊவா. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் மழையில் நனைந்தபடி சுரங்கத்துக்குள் நுழையும் ரயில், வெயிலுக்குள் வெளியே வருவதுண்டு.

ஒஹியவிலிருந்து சமவெளிக்குச் சுமார் 11 கிலோமீட்டர். முழுக்க ஏற்றம்தான். தார்ச்சாலை என்பதால் வழி தவறாது, மூச்சுத்தான் வாங்கும். மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் சிக்கல். பூங்காவின் பெயர்பெற்ற இடமான ‘உலக முடிவு’ சுமார் 870 மீட்டர் செங்குத்தாக விழும் பாறை விளிம்பு. வானம் தெளிந்திருந்தால் அடியில் இருக்கும் தேயிலைத் தோட்டம் தீப்பெட்டிகளை அடுக்கியதுபோல் தெரியும். ஆனால் காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிவிடும். பகல் ரயிலில் வந்து இறங்கி, அன்றே ஏறி, விளிம்பில் நின்று ரசிப்பது நடக்காத காரியம். ஆகவே முதல் நாள் ஒஹியவில் தங்கி, மறுநாள் விடியற்காலையில் முச்சக்கர வண்டியில் மேலே போய், திரும்பும்போது நடந்து இறங்குவதே புத்திசாலித்தனம். நடைக்காரரின் மானம் அதில் ஒன்றும் போய்விடாது.

மூடுபனியை எல்லோரும் சபிக்கிறார்கள். அது இல்லாவிட்டால் பூங்காவே இல்லை. 2,100 மீட்டருக்கு மேல் கிடக்கும் இந்தச் சமவெளியில் குட்டையாக, முறுக்கிக்கொண்டு, பாசி போர்த்தி நிற்கும் மரங்கள் மேகத்திலிருந்தே நீரைப் பிடித்துச் சொட்டவிடுகின்றன. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இங்கிருந்து நீர் போகிறது. நீலகிரியில் முக்குருத்தியைப் பார்த்தவருக்கு இந்த நிலம் அந்நியமாகத் தோன்றாது. அதே அலையலையான புல்வெளி, மடிப்புகளில் அதே சோலை, இடையிடையே சிவப்பாகப் பூக்கும் ரோடோடென்ட்ரன்.

சுற்றுப்பாதை ஏறத்தாழ 9 கிலோமீட்டர். வழியில் பேக்கர் அருவி. சாமுவேல் பேக்கர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நுவரெலியாவில் குடியேறிய ஆங்கிலேயர். வேட்டை நாய்களோடு மரைகளைத் துரத்தியவர், அதைப் புத்தகமாகவும் எழுதியவர். ஒரு காலத்தில் இங்கே திரிந்த யானைகள் இப்போது இல்லை. மரைகள் மட்டும் பெருகி, வண்டிகள் நிறுத்துமிடத்துக்கே வந்து மனிதர்களிடம் தின்பண்டம் எதிர்பார்க்கின்றன. வேட்டைக்காரர் பெயரில் அருவி, அதன் அருகிலேயே பயம் மறந்த மரைகள்! தீனி கொடுப்பது அவற்றுக்குச் செய்யும் உபகாரமல்ல. பொலித்தீன் உறைகள் அவற்றின் வயிற்றுக்குள் போகின்றன. வாசலில் பைகளைத் திறந்து பார்த்து உறைகளைக் களையச் சொல்வது அதனால்தான்; சலித்துக்கொள்ளக் கூடாது.

இந்த நிலம் 1988இல் தேசியப் பூங்காவானது. மத்திய மலைநாட்டின் பகுதியாக 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் ஏறியது. பரப்பு சுமார் 3,160 ஹெக்டேர்.

இறங்கும்போது முழங்கால்தான் முதலில் முறையிடும், ஒரு கைத்தடி இருந்தால் நல்லது. கனமழை நாட்களில் மண்சரிவால் ரயில் நின்றுபோவது மலையகத்தில் வழக்கம் என்பதால், புறப்படுமுன் விசாரித்துக்கொள்ள வேண்டும். மற்ற நாட்களிலும் கொழும்பு திரும்பும் ரயில் தாமதமாக வரலாம். ஆனால் அதை நம்பி வழியில் உட்கார்ந்துவிட்டால், அன்றைக்கென்று அது நேரத்துக்கு வந்து போய்விடும்.