எழுத்தால் வரையும் படங்களில் அம்புக்குறியும் இணைகோடும்

ஜக்கார்டுத் தறியில் வேலை செய்யும் நம் அங்கத்தினர்கள் அறிந்த செய்தி ஒன்று உண்டு. சேலைக் கரையில் விழும் பூவை நெசவாளர் கையால் வரைவதில்லை. அட்டையில் துளையிட்டு வைத்த கட்டளைப்படி பாவு இழைகள் உயர்கின்றன. பூ தானே அமைகிறது. பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டில் அமைத்த அம்முறையை ஒத்த வழியொன்று இன்று விளக்கப்படம் வரைவதிலும் வழங்குகிறது. எதனோடு எது இணையவேண்டும் என்பதைச் சில வரிகளில் எழுதிக் கணிப்பொறியிடம் தந்தால், பெட்டிகளையும் அம்புகளையும் அதுவே வரைந்து தருகிறது. சங்க நடைமுறையைப் படமாக்கிச் சுவரில் மாட்ட விரும்புவோர்க்கு இது பெரிதும் உதவும்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிரையன் கெர்னிகன் 1980-களின் தொடக்கத்தில் ‘பிக்’ என்னும் படமொழியை அமைத்தார். பிற்காலத்தில் அவ்வாய்வுக்கூடத்திலேயே ‘கிராஃப்விஸ்’ என்னும் கருவியும் பிறந்தது. இது விலையின்றிக் கிடைப்பது. இதன் ‘டாட்’ மொழியில் தமிழ்ப் பெயர்களையும் இடலாம்:

பருத்தி -> நூற்பாலை -> சங்கம் -> நெசவு -> ஆய்வு -> விற்பனை
ஆய்வு -> நெசவு

சிறுகோடும் கூர்முனைக் குறியும் சேர்ந்தால் அம்பு. இரு சிறுகோடுகள் மட்டும் இட்டால் (--) திசையற்ற இணைப்பு. திசையுள்ள படம் என முதலில் அறிவித்துவிட்டு, இடையில் திசையற்ற குறியை இட்டால், கருவி பிழை என்று கூறி நின்றுவிடும். இந்தக் கண்டிப்பு நன்மைக்கே என்பது என் கருத்து. கைப்படத்தில் முனை போட மறந்த கோட்டை யார் தடுப்பார்?

இனி, கருவி செய்யும் வேலையைக் காண்போம். மேலே உள்ள இரண்டாம் வரியைக் கவனியுங்கள். நெசவிலிருந்து ஆய்வுக்கும், ஆய்விலிருந்து மீண்டும் நெசவுக்கும் வழி உள்ளதால் அது ஒரு சுழல். சுழலில் எது முன், எது பின் என்று சொல்ல இயலாது. ஆதலின் கருவி அதில் ஓர் அம்பைத் தற்காலிகமாகத் திருப்பிவைத்துக்கொண்டு, எல்லாப் பெட்டிகளையும் படிப்படியாக அடுக்குகிறது. அதன்பின் ஒவ்வொரு படியிலும் பெட்டிகளை இடம் மாற்றி மாற்றி, கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவதைக் குறைக்கப் பார்க்கிறது. பெட்டிகள் பெருகினால் மிகக் குறைந்த வெட்டுக்கான அடுக்கை விரைந்து காணும் வழியை இதுவரை எவரும் கண்டிலர். ஏறத்தாழ நல்லதாக ஒன்று கிடைத்தால் கருவி அமைந்துவிடுகிறது. ஈற்றில் வளைகோடுகளை இழுத்து, திருப்பிய அம்பை அதன் மெய்த்திசையிலேயே வரைகிறது. இவ்வழியின் அடிப்படையை ஜப்பானியர் சுகியாமாவும் உடன் உழைத்தோரும் 1981-இல் வெளியிட்டனர்.

கோடு செல்லும் பாதை கருவியின் பொறுப்பு. கோட்டின் பொருளோ நம் பொறுப்பு. சங்கத்திலிருந்து நெசவாளர்க்கு ஓர் அம்பு செல்கிறது என்றால், செல்வது நூலா, கூலியா? இரண்டுமே அத்திசையில்தான் செல்கின்றன. ஒரே அம்பில் இரண்டையும் அடக்கினால், நூல் வந்தபோதே கூலியும் வந்ததுபோல் படம் பேசும். ஆகவே இரு வரிகளாக எழுதி, சரக்கு செல்லும் வழிக்கு முழுக்கோடும், பணம் செல்லும் வழிக்கு விட்டுவிட்டு வரும் கோடும் கொள்க. கோட்டின் மேல் ‘நூல்’, ‘கூலி’ என்று பெயரும் இடுக. ஆய்வில் திருப்பப்பட்ட துணிக்கான அம்பை, படம் அழகாக இருக்கட்டும் என்று சிலர் விட்டுவிடுவர். அவ்வாறு செய்தால் துணி எதுவும் திரும்புவதே இல்லை என்று படம் சொல்லிவிடும். திரும்பிய துணிக்கு உரியவர் தம் கூலி எங்கே நிற்கிறது என்று அப்படத்தில் தேடியும் காணமாட்டார். அந்த அம்பு அடுக்கைக் குலைப்பதாகத் தோன்றினால், படிவரிசைக்கு அதைக் கணக்கில் கொள்ளாதே என்று கட்டளையிடும் வசதியும் ‘டாட்’ மொழியில் உண்டு.

பெட்டியின் இடத்தையும் கோடு புறப்படும் கோணத்தையும் தாமே குறிக்க விரும்புவோர்க்கு, ஜெர்மானியரான டில் டான்டாவ் ஆக்கிய ‘டிக்ஸ்’ மொழி ஏற்றது. உழைப்பு மட்டும் கூடுதல். ‘மெர்மெயிட்’ என்னும் மொழியில் குறிகள் சற்று வேறு. அங்கே பாய்வுப்படத்தின் அம்புக்கு இரு சிறுகோடுகளும் கூர்முனையும் (-->) வேண்டும்.

வண்ணத்தால் மட்டும் கோடுகளை வேறுபடுத்த வேண்டா. கறுப்பு மையில் படி எடுக்கும்போது சிவப்பும் பச்சையும் ஒன்றாகிவிடும். விட்டுவிட்டு வரும் கோடோ அப்படியே நிற்கும்.